பூனைக்குச் சுகர் பார்ப்பது: ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா, சென்சாரிலா?

எங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய் என்றதும் தர்மபுரியில் எல்லோரும் கேட்டது எந்த இன்சுலின் என்றுதான். அதில் பெரிய குழப்பம் இல்லை. டாக்டர் எழுதியதைப் போடப் போகிறோம், பெரும்பாலும் மனிதர்களுக்கான கிளார்ஜின், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. டோஸை ஏற்றவோ இறக்கவோ ஒரு எண் வேண்டுமே, அதை எங்கே எடுப்பது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. நான் வீட்டில் காதில் குத்திப் பார்க்கும் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் காலையில் விட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து மாலை வரை எழுதி வைப்பார்கள். பழகிய கை, நமக்கும் வேலை இல்லை. ஆனால் பயந்தாலே பூனைக்குச் சுகர் ஏறும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட இப்படி 300 தாண்டுவதுண்டு. இங்கிருந்து நாமக்கல் கால்நடைக் கல்லூரி என்றால் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் தாண்ட வேண்டும், பெங்களூர் என்றால் ஓசூர் நெரிசல். வழியெல்லாம் கூடைக்குள் கத்தி, போன இடத்தில் பக்கத்துக் கூண்டு நாய் வேறு குரைத்து, அப்புறம் எடுக்கிற ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? அந்த எண்ணை நம்பி டோஸை ஏற்றினால், வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது அதே டோஸ் சுகரை 60க்குக் கீழே தள்ளிவிடலாம். தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். சுகர் ஒரு வேளை கூடிப்போனால் சமாளிக்கலாம், தாழ்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. பிரக்டோசமின் டெஸ்ட் இந்தப் பயத்தால் மாறாது என்பது உண்மைதான். ஆனால் அது ஓரிரு வாரச் சராசரி, நடுவில் எப்போது தாழ்ந்தது என்று காட்டாது.

டோஸை முடிவு செய்வது அந்தத் தாழ்ந்த எண்தான். ஊசி போட்டு நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வரும், 80க்கும் 150க்கும் நடுவில் நின்றால் நல்லது. வீட்டில் மெத்தையில் படுத்தபடியே அதை எடுக்கலாம். காது ஓரத்தைக் கையில் வைத்துச் சூடாக்கி (மார்கழிக் காலையில் இல்லாவிட்டால் சொட்டு வராது), கொஞ்சம் வாஸ்லின் தடவி, பின்னால் பஞ்சு வைத்துக் குத்தினால் ஒரு கடுகளவு ரத்தம் போதும். ஸ்ட்ரிப் ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய். மனிதர்களுக்கான மிஷின் பூனை ரத்தத்தில் பொதுவாகக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதனால் எப்போதும் ஒரே மிஷினில் பாருங்கள். ஊசிக்கு முன்னால் பார்க்கும்போது எண் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ஏற்றுவதென்றாலும் அரை யூனிட், ஒரு யூனிட்டாக, ஒரு வாரமாவது விட்டு.

எண்கள் காரணமில்லாமல் குதித்தால் சிரிஞ்சைப் பாருங்கள். மெடிக்கலில் சாதாரணமாகத் தருவது சிவப்பு மூடி யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது), கிளார்ஜினோ யு-100 (மில்லிக்கு 100 யூனிட்), அதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றி இழுத்தால் ஒரு யூனிட் கோட்டுக்கு இரண்டரை யூனிட் உள்ளே போகும்.

தோலில் ஒட்டி வைத்துச் சுகரை விடாமல் காட்டும் சென்சாரைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கொஞ்ச காலம்தான் ஒட்டியிருந்தது. லிப்ரே என்கிற சென்சார் மனிதர்களுக்கு 14 நாள் கணக்கு, பூனை சொறிந்து முன்னாலேயே கழற்றிவிடும். ராத்திரி முழுக்க ஏற்ற இறக்கம் தெரிவது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் விலை சில ஆயிரம். தாழ்ந்ததாகக் காட்டும்போது காதிலும் ஒருமுறை பார்த்தால்தான் மனசு அடங்குகிறது. காதைத் தொடவே விடாத பூனை என்றால் இதுதான் வழி.

சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாலோ, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்க்கும் ஸ்ட்ரிப் நிறம் மாறினாலோ காதும் வேண்டாம் சென்சாரும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. தாழ்ந்து தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே கிளம்புங்கள்.