செட்டியார் தெருவா, வெள்ளவத்தையா? கொழும்பில் ஒரு பகல்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வவுனியாவிலோ இரவு ரயில் ஏறினால் விடியக் கோட்டை நிலையம். வன்னியிலிருந்து போகிறவர்களில் அனேகர் இறங்கின கையோடு வெள்ளவத்தை பஸ்ஸைத்தான் பிடிக்கிறார்கள். சொந்தக்காரர் வீடு, லொட்ஜ், பழகின சாப்பாட்டுக்கடை எல்லாம் அங்கே. ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் எங்கே கடை போட்டார்கள், எங்கே கும்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டுமானால் செட்டியார் தெரு இருக்கும் புறக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். வெள்ளவத்தையில் காண்பது பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சனத்தையே.

கோட்டை நிலையத்திலிருந்து செட்டியார் தெருவுக்கு ஓட்டோ தேவையில்லை. ஆறுதலாக நடந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நடந்தால்தான் வழியில் உள்ளது தெரியும். பிரதான வீதியின் தொடக்கத்தில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம், பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் கட்டியது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி அடுத்த வருடம் முடித்தது. பழைய நகர மண்டபத்துக்குக் கிட்ட இடப்பக்கம் திரும்பினால் செட்டியார் தெரு. வட்டித்தொழிலோடும் அரிசி வியாபாரத்தோடும் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பெயர் தெருவுக்கு நிலைத்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் நகைக்கடை. நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என இரண்டு கோவில்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். 11 மணிக்கு முன் கும்பிட்டுவிடுங்கள்.

நகை வாங்கவும் செட்டியார் தெருதான். வெள்ளவத்தையிலும் நல்ல கடைகள் உண்டு. ஆனால் பத்து அடிக்கு ஒரு கடை இருக்கிற தெருவில்தான் விலை கேட்டு ஒப்பிட முடியும். பவுன் என்றால் 8 கிராம். 22 கரட்டில் அதற்குள் சுத்தத் தங்கம் 7.33 கிராம். சொல்லப்படும் பவுன் விலை தங்கத்துக்கு மட்டும். செய்கூலியும் சேதாரமும் அதற்கு மேலே ஏறும். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். மூன்று கடையில் ஒரே நிறைச் சங்கிலிக்கு முழுத் தொகையைக் கேளுங்கள். கல் பதித்த நகையில்தான் ஏமாற்றம் நடக்கும்: கல்லையும் சேர்த்து நிறுத்து, முழுவதற்கும் தங்க விலை போடுவார்கள். 12 கிராம் அட்டியலில் கல் 2 கிராம் என்றால் தங்கக் காசு 10 கிராமுக்கு மட்டுமே. கரட், கல் நிறை, செய்கூலி மூன்றையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதுவித்து வாங்குங்கள். வன்னியில் நகைதான் சேமிப்பு. விதைப்புக் காலத்தில் அடகு வைக்கப் போகும்போது குறைவைக் கண்டுபிடித்து என்ன பயன்?

துணிக்கு நிலைமை வேறு. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மொத்த விலை மலிவு. ஆனால் நின்று நிதானமாக விரித்துப் பார்க்க இடம் இருக்காது. நல்லநாள் பெருநாளுக்கு ஒரேயொரு பட்டுச்சாறி எடுக்கிறவர்களுக்கு காலி வீதியின் வெள்ளவத்தைக் கடைகளே வசதி: இருந்து பார்க்கலாம், சட்டை தைக்கவும் கிட்டவே ஆள் உண்டு. சாப்பாட்டில் இரண்டு இடமும் ஒன்றுக்கொன்று குறையில்லை.

நாள் பார்த்துப் போங்கள். ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் புறக்கோட்டையில் பெரிய கடைகள் அனேகமாகப் பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் முஸ்லிம் கடைகள் அடைக்கும். பொழுதுபட்டால் புறக்கோட்டை அடங்கத் தொடங்கும். வெள்ளவத்தை அப்போதுதான் களைகட்டும்.

ஒரு நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்களுக்கு ஆடிவேல் திருவிழாவில் முருகன் ரதம் போகும் திசையே வழி: செட்டியார் தெருவில் தொடங்கி, காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு. காலை புறக்கோட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு 100 அல்லது 101 இலக்க பஸ். நகை கையில் இருந்தால் சனநெரிசல் பஸ்ஸை விட்டு, மீற்றர் ஓட்டோ பிடியுங்கள். வெள்ளவத்தையிலும் இந்தியர் சுவடு உண்டு. ஒருகாலம் இந்தியத் தொழிலாளர் வேலை செய்த நெசவாலைக் காணியில்தான் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன.

திரும்புவதற்கு யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களை வெள்ளவத்தையிலேயே பிடிக்கலாம். முல்லைத்தீவுக்காரர் கடைசியாகப் புறப்படும் பஸ்ஸில் இடம் கேளுங்கள். முந்தியதில் ஏறினால், முல்லைத்தீவுக்குப் பஸ் மாற வேண்டிய மாங்குளம் சந்தியில் நடுச்சாமத்தில் இறங்கி, பிள்ளைகுட்டியோடு விடியும்வரை காத்திருக்க நேரும்.