கரண்ட் போன ஒரு நிமிடத்தில் விழும் சர்வர்: புரோக்ஸ்மாக்ஸ் ஜோடியோடு மூன்று வருடம்

"அண்ணே, அதே பழைய டவர் சர்வர் இப்ப பாதி விலைக்கு வருது. ரெண்டு எடுத்துப் போட்டுரவா? ஆனா உங்ககிட்ட இருக்கறது அடிக்கடி விழும்னு சொன்னாங்களே?"

புதுவயலில் அரிசி ஆலைக்குக் கணக்கு பார்க்கும் தம்பி கேட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த "அடிக்கடி விழும்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அமைப்பு இதுதான். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால், பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் இரண்டு டவர்கள். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி ஈசிசி (சின்னப் பிழையைத் தானே திருத்தும்) ராம், ஒற்றை பவர் சப்ளை, நான்கு டிஸ்க். ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் புரோக்ஸ்மாக்ஸ் மென்பொருள், முதலில் 7-ம் பதிப்பு, பிறகு 8. இரண்டும் ஒரே கிளஸ்டர், அதாவது சேர்ந்து இயங்கும் கூட்டு; டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுக்கும் ரெப்ளிகேஷன். உள்ளே டாலி ஓடும் விண்டோஸ், பில்லிங் டேட்டாபேஸ், கேமரா பதிவு, ஃபைல் சர்வர். சர்வர் கம்பெனியின் பெயர் வேண்டாம். இங்கே சொல்லப்போகிற எதிலும் அந்தக் கம்பெனியின் குற்றம் பெரிதாக இல்லை.

"சர்வர் விழுந்துருச்சு" என்று போன் வந்தால் அது மூன்று வெவ்வேறு நோய்களில் ஒன்று. விஎம், அதாவது உள்ளே ஓடும் கம்ப்யூட்டர், மட்டும் செத்திருக்கலாம். அதைச் சுமக்கும் ஹோஸ்ட் சர்வர் உறைந்திருக்கலாம். ஹோஸ்ட் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். மூன்றையும் ஒன்றாக நினைத்து ராமைக் கழற்ற ஆரம்பித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். புரோக்ஸ்மாக்ஸின் வலைப்பக்கத்தில் நோடை, அதாவது கிளஸ்டரில் ஒரு சர்வரை, தொட்டதும் அப்டைம் தெரியும். அது இருபது நாள் என்று காட்டினால் ஹோஸ்ட் விழவே இல்லை. ஐந்து நிமிடம் என்று காட்டினால் ரீஸ்டார்ட். பக்கமே வரவில்லை என்றால் மானிட்டரையும் கீபோர்டையும் நேராகச் சொருகி நம்லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் ஓஎஸ்ஸின் மையமான கர்னல் உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க்தான் போயிருக்கிறது. மாறவில்லை என்றால்தான் உண்மையான உறைவு.

விஎம் மட்டும் சாவதற்கு இந்த ஜோடியில் இரண்டே காரணங்கள். ஒன்று மெமரிக் கணக்கு. விஎம்களுக்குக் கொடுத்தது 16, 16, 8, 8 ஆக மொத்தம் 48 ஜிபி. இந்தப் பதிப்புகளில் இசட்எஃப்எஸ், டிஸ்க்கில் படித்ததை ராமில் வைத்துக்கொள்ளும் தன் ஏஆர்சி கேஷுக்கு ஹோஸ்ட் ராமில் பாதி வரை, அதாவது 32 ஜிபி எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 80. இருப்பதோ 64. நெருக்கடி வந்தால் ஏஆர்சி சுருங்கும் என்பது உண்மை. ஆனால் ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தில் அது சுருங்கும் வேகம் போதாது. கர்னல் இருப்பதிலேயே பெரிய புராசஸைப் பார்த்துக் கொல்லும், அது பெரும்பாலும் டாலி ஓடும் விண்டோஸாகத்தான் இருக்கும். கர்னல் லாகில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடினால் கொல்லப்பட்ட கேவிஎம் (விஎம்மை ஓட்டும் புராசஸ்) பெயரோடு அகப்படும். 8.1-க்குப் பிறகு புதிதாக நிறுவினால் இன்ஸ்டாலரே ஏஆர்சியை ராமில் 10 சதவீதத்துக்கு, அதிகபட்சம் 16 ஜிபிக்குக் கட்டிவிடுகிறது. 7-ல் நிறுவி அப்கிரேடு செய்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, பழைய பாதிக் கணக்குத்தான். இசட்எஃப்எஸ் மாட்யூலின் ஆர்க்-மேக்ஸ் மதிப்பை 8589934592 என்று, அதாவது பைட்டில் 8 ஜிபி என்று போட்டு, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறந்துவிட்டு "மாத்தியும் மாறலையே" என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது, டிஸ்க் நிறைந்துபோவது. விஎம் பெயருக்குப் பக்கத்தில் ஐஓ-எரர் என்று மஞ்சள் குறி வந்து அப்படியே நின்றிருந்தால் அது கிராஷ் இல்லை. எழுத இடமில்லாததால் விஎம்மை ஓட்டும் கியூஎம்யூ வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறது. இடம் ஒதுக்கிக் கொடுத்து ரெஸ்யூம் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பதற்றத்தில் ஸ்டாப் அழுத்தி டேட்டாபேஸைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விஎம் டிஸ்க்கில் டிஸ்கார்டை டிக் செய்து வைத்தால், உள்ளே அழித்த இடம் வெளியே திரும்பி வரும்.

உறைவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈசிசி ராம் என்பதால் சாவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். ராஸ்டீமன் என்ற நிரலைப் போட்டு வைத்தால், திருத்தப்பட்ட பிழைகள் எந்த ஸ்லாட்டில் கூடுகின்றன என்று காட்டும். அந்த ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிழை ராமோடு போனால் ராம் கெட்டது, ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ராமின் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் பழக்கம் இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

சூடு பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கனத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கட்டியவர்கள் சர்வரை நினைத்துக் கட்டவில்லை என்றாலும் சித்திரை வெயிலில் இரண்டாம் கட்டு அறை முன்கடையை விடத் தேவலை. பெரும்பாலான சர்வர்கள் உள்ளிழுக்கும் காற்று 35 டிகிரி வரை தாங்கும். இன்னொன்று, சூடேறினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கு அப்புறம்தான் அணையும். "நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, பொசுக்குனு போயிருச்சு" என்றால் அது சூடு இல்லை. தூசிதான் இந்த ஊரின் சிறப்பு. பக்கப் பலகையைக் கழற்றினால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் செம்மண் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், விரலால் உரித்தால் ஒரே பாளமாகக் கையோடு வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் ஃபேன் தறிகெட்டுச் சுழன்றால் அதுவே கரண்ட் உற்பத்தி செய்து போர்டுக்குள் அனுப்பும், பேரிங்கும் போகும். டவரைத் தரையில் வைக்காதீர்கள். வீடு கழுவுகிற தண்ணீருக்கும் பல்லிக்கும் ஓர் அடி உயரம் நல்லது.

இனி, மூன்று வருடமாக எரிச்சலைக் கிளப்பிய விஷயம். தானாக ரீஸ்டார்ட் ஆவது.

ரீஸ்டார்ட் என்றால் முதலில் விழுவதற்கு முன் ஓடியபோது எழுதிய லாகில் கடைசி ஐம்பது வரியைப் பார்க்க வேண்டும். லாகைச் சேர்த்து வைக்கும் ஜர்னல் டிஸ்க்கில் தங்கும்படி பெர்சிஸ்டன்ட் என்று வைத்திருந்தால்தான் அது இருக்கும். ஓடிக்கொண்டிருந்த லாக் ஒரு வார்த்தை சொல்லாமல் பாதியில் அறுந்திருந்தால், அந்த மௌனமே சாட்சி: பவர். கர்னல் பேனிக் ஆனாலும் டிஸ்க்கில் எழுத அவகாசம் இருக்காது என்பது உண்மைதான். அதனால் நெட்கன்சோலை ஓட விட்டு, கர்னல் செய்திகளை அடுத்த சர்வருக்கு அனுப்பி வைத்தால் பேனிக்கும் பவரும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். போர்டில் இருக்கும் ஐபிஎம்ஐ சிப்பின் ஈவண்ட் லாகையும் பாருங்கள். ஓஎஸ் செத்தாலும் அது விழித்திருக்கும், பவர் போயிருந்தால் நேரத்தோடு குறித்து வைத்திருக்கும். இந்தச் சர்வரில் பிடித்த ஒரே அங்கம் எது என்று கேட்டால் அந்தச் சின்னச் சிப்பைத்தான் சொல்வேன்.

பவரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவ 4 முதல் 10 மில்லி விநாடி பிடிக்கும். நல்ல பவர் சப்ளை சுமார் 16 மில்லி விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் ஓடிய பழைய பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் காய்ந்து அந்த மூச்சு குறைந்திருக்கும். கரண்ட் போன அதே நொடியில் விழுந்தால் இதுதான் காரணம். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரைச் சொருகுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். பின்பக்க ஸ்விட்ச் யூபிஎஸ் பக்கம் இல்லாவிட்டால் தாவும் நேரம் அதற்கும் மேலே போகும். பேட்டரியும் அப்படித்தான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இருக்கிற ஊர் இது. இங்கேயே யூபிஎஸ் பேட்டரியை ஜெனரேட்டர் அறையில் வைத்து வேக விடுகிறார்கள்.

ஆனால் இந்த ஜோடி கரண்ட் போன நொடியில் விழவில்லை. யூபிஎஸ் நன்றாகத் தாங்கியது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே, கரண்ட் போய் ஒரு நிமிடமும் சில விநாடிகளும் கழித்து, இரண்டு சர்வரும் ஒன்றாக விழுந்தன. அதுவும் எல்லா நாளும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், ஜெனரேட்டர் போடும் அண்ணன் பக்கத்தில் இருந்தால் நாற்பது விநாடிக்குள் ஓடவிட்டுவிடுவார், அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அவர் டீ குடிக்கப் போயிருந்தால் விழும். இந்த "சில நாள் விழும், சில நாள் விழாது" என்பதுதான் எல்லாரையும் ராம், போர்டு, டிரைவர் என்று அலைய வைக்கும் புள்ளி.

லாகில் வரிசை இப்படி இருக்கும். நோடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள உதவும் கோரோசிங்க் "லிங்க் டவுன்" என்று சொல்லும். சில விநாடியில் "நோட் லாஸ்ட் கோரம்", அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு போய்விட்டது. அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நிமிட அமைதி. கடைசியாக வாட்ச்டாக்-மக்ஸ் என்ற காவல் நிரல் எழுதிய ஒற்றை வரி: "கிளையன்ட் வாட்ச்டாக் எக்ஸ்பயர்ட்". அவ்வளவுதான், அடுத்தது புதிய பூட்.

அதாவது சர்வர் விழவில்லை. தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. எச்ஏவில் (ஒரு நோட் செத்தால் அதன் விஎம்மை மற்றது தானாகக் கிளப்பும் வசதி) ஒரு விஎம்மையாவது சேர்த்திருந்தால், அதை ஓட்டும் நோட் கோரம் இழந்த 60 விநாடிக்குள் அது திரும்பாவிட்டால் தானே செத்துப்போக வேண்டும் என்பது புரோக்ஸ்மாக்ஸின் விதி. மறுபக்கத்து நோட் அதே விஎம்மைக் கிளப்பி, ஒரே டிஸ்க்கில் இரண்டு பேர் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. விதி சரி. மிகச் சரி. இரண்டு நோட் கிளஸ்டரில் ஆளுக்கு ஓர் ஓட்டு, பெரும்பான்மைக்கு இரண்டு வேண்டும். ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனால் இருவருமே சிறுபான்மை, இருவருக்குமே மரண தண்டனை.

ஏன் பார்க்க முடியவில்லை? இரண்டு சர்வரும் யூபிஎஸ்ஸில். நடுவில் இருக்கும் ஐந்து வாட் நெட்வொர்க் ஸ்விட்ச் சுவர் பிளக்கில்.

இதற்குத்தான் கோபம் வருகிறது. அத்தனை அழகான வலைப்பக்கம், கலர் கலராக கிராஃப், ஆனால் "நேற்று 11:02-க்கு நானே என்னை ரீசெட் செய்தேன், காரணம் கோரம்" என்று ஒரு சிவப்புப் பட்டை போட முடியாதா? லாகின் ஆழத்தில் ஒரே வரியாகப் புதைத்து வைப்பானேன்? அதோடு முடியவில்லை. ரீசெட் ஆகி எழுந்த பிறகும் கோரம் இல்லை, ஸ்விட்ச் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. கோரம் இல்லாத நோட் எந்த விஎம்மையும் தானாகக் கிளப்பாது. சர்வர் யூபிஎஸ்ஸில் ஜம்மென்று ஓடும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1 என்று கட்டளை கொடுத்து ஒற்றை ஓட்டில் கிளப்பலாம். ஆனால் மறு நோட் நிஜமாகவே அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான்.

சரி செய்யும் முறை விலை குறைவானது. ஸ்விட்ச்சை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுவது முதல் வேலை. அடுத்தது இரண்டு சர்வரின் இரண்டாவது லேன் போர்ட்டையும் ஒரே கேட்-6 ஒயரால் நேரடியாக இணைப்பது. அதற்கு 10.10.10.1, 10.10.10.2 என்று தனி முகவரி கொடுத்து, கோரோசிங்க் கோப்பில் இரண்டாவது லிங்க்காகச் சேர்க்க வேண்டும். கோப்பைத் தொடுவதற்கு முன் இரண்டு நோடிலும் எச்ஏவை நடத்தும் எச்ஏ-எல்ஆர்எம் சேவையை நிறுத்தி, பிறகு இரண்டிலும் எச்ஏ-சிஆர்எம் சேவையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஓர் எழுத்துப் பிழைக்கே இரண்டும் ரீசெட் ஆகும். கோப்பை நேராகத் திருத்தாமல் பிரதி எடுத்துத் திருத்தி, கான்ஃபிக்-வெர்ஷன் எண்ணை ஒன்று கூட்டி, பிறகு பெயர் மாற்றி மேலே வையுங்கள். மூன்றாவதாக, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றில் கோரோசிங்க்-கியூநெட்டியும், இரண்டு நோடிலும் கோரோசிங்க்-கியூடிவைஸும் போட்டு மூன்றாவது ஓட்டாக்குவது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸில்தான், மறுபடி சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகு விழவில்லை. ஆனாலும் எச்ஏவை எடுத்தாகிவிட்டது. காரணம் ரெப்ளிகேஷன். அது இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். ஒரு நோட் நிஜமாகவே செத்து, மற்றது பில்லிங் விஎம்மைக் கிளப்பினால், கடைசிப் பிரதிக்குப் பிறகு போட்ட பில் எதுவும் அதில் இருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் 15 நிமிட பில் என்றால் என்ன என்று ஜவுளிக்கடைக்காரரிடம் கேளுங்கள். பத்து நிமிடம் கடை நின்றாலும் பரவாயில்லை, மனுஷன் பார்த்து முடிவு செய்து கிளப்பட்டும்.

அதனால் தம்பிக்குப் பதில்: புரோக்ஸ்மாக்ஸ் நல்லது, சர்வர் நல்லது, ஒன்று மட்டும் வாங்கு. இரண்டாவதுக்கு வைத்திருக்கும் காசில் பாதியை பேக்கப்புக்கு ஒரு சாதாரணப் பெட்டியிலும், மீதியை நல்ல யூபிஎஸ்ஸிலும் போடு. கிளஸ்டர் ஆலைக்கு வேண்டாம். மூன்று வருடம் அதை ஓட்டிக்கொண்டே இதைச் சொல்வது முரண்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வாங்கும் கடையில் காசு கொடுப்பதற்கு முன், சர்வரை அவர்களின் யூபிஎஸ்ஸில் போட்டு, நான்கு டிஸ்க்கும் பிராசஸரும் முழு வேகத்தில் ஓடும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவச் சொல். ஒரு தடவை தாங்குவது போதாது, பத்துத் தடவை. ஒரு தடவை விழுந்தாலும் புதுப் பவர் சப்ளையின் விலையைக் கழித்துக்கொண்டு பேசு.