பழைய வேனின் ஈசிஎம்: பழுதைக் கண்டறிந்ததும், மாற்றியதும், அதன் பிறகான ஓட்டமும்

2000களின் நடுப்பகுதியில் வந்த, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) இன்ஜின் கொண்ட சிறிய பெட்ரோல் வேன் ஒன்றைக் கடைச் சரக்கு ஏற்றவும் குடும்பத்தோடு வெளியூர் போகவும் வைத்திருக்கிறோம். அதன் இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது மெக்கானிக்குகள் ஈசிஎம் என்று சொல்லும் பெட்டி, பழுதாகி மாற்றப்பட்ட பிறகு பல கோடைகளையும் மழைக்காலங்களையும் வண்டி தாண்டிவிட்டது. எது நிலைத்தது, எது பணத்துக்குத் தகுந்த பலன் தரவில்லை என்று இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பழுது இருந்த நாட்களில், காலையில் வண்டி எந்தக் குறையும் இல்லாமல் கிளம்பும். வெயில் ஏறிய பிறகு, நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். சூட்டில் நின்று ஆறியதும் கிளம்பும் இந்தக் குணம் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழற்சியை உணர்வது), இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், மெயின் ரிலே (ஈசிஎம்முக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) ஆகிய அனைத்துக்கும் பொதுவானது. ஆகவே பட்டறையில் ஊகத்தின் பேரில் சென்சாரையும் ரிலேயையும் பம்பையும் அடுத்தடுத்து மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. குறைகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனராலும் பயனில்லை. இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி (வண்டி தன் குறைகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும்) வசதி 2010 முதல்தான் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பொதுவான ஸ்கேனருக்கு இணைப்பே கிடைப்பதில்லை.

உண்மையான துப்பைக் கொடுத்தது டேஷ்போர்டில் உள்ள செக் இன்ஜின் விளக்குதான். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அதை எரியவைப்பது ஈசிஎம். எங்கள் வண்டி நின்றுபோகும் வேளைகளில் மட்டும் அந்த விளக்கு எரியவே இல்லை. பல்பு நன்றாக இருக்கும்போது விளக்கு எரியவில்லை என்றால், பெட்டிக்கு மின்சாரமோ எர்த்தோ வரவில்லை அல்லது பெட்டியே செயலிழந்துவிட்டது என்று பொருள். சென்சார் கெட்டிருந்தால் பொதுவாக விளக்கு எரியும், இன்ஜின்தான் ஓடாது. இந்த ஒரு வேறுபாட்டை முதலிலேயே கவனித்திருந்தால் பம்ப்புக்கான செலவு மிச்சமாகியிருக்கும்.

அதன்பின் எலக்ட்ரீஷியன் ஒருவருடன் அமர்ந்து, முதலில் பெட்டிக்கு வரும் வயர்களைச் சோதித்தோம். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும் என்பதால், கப்ளரை, அதாவது வயர்கள் பெட்டியோடு சேரும் பிளக்கை, கழற்றி, சப்ளை முனைக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்துப் பார்த்தோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. கப்ளரை மீண்டும் மாட்டி, இன்ஜின் ஓடும்போது ஈசிஎம் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தபோது வேறுபாடு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தது. வயரிங் மீது இருந்த சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. அடுத்ததாக, சென்சார்களுக்கு ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட்டை மேப் சென்சாரின் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) கப்ளரில் கண்காணித்தோம். இன்ஜின் நின்ற கணத்தில் அது ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் இப்படி நேரும். அந்த 5 வோல்ட்டைப் பயன்படுத்தும் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் வோல்ட் திரும்பவில்லை என்பதால் குற்றவாளி பெட்டிதான் என்பது ஏறத்தாழ உறுதியாயிற்று. மறுநாள் காலை, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருந்த நிலையில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் பெட்டியை மட்டும் மெதுவாகச் சூடாக்கினோம். சிறிது நேரத்தில் இன்ஜின் நின்றது, விளக்கும் எரியவில்லை. மின்விசிறிக் காற்றில் பெட்டி ஆறியதும் இரண்டும் திரும்பின. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெட்டியைத் திறந்ததும் மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை வந்தது. போர்டில் நின்றிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், உள்ளே திரவம் கொண்ட சிறு உருளைகள்) அடியிலிருந்து திரவம் கசிந்து, அருகிலிருந்த செம்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. 1980களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த பல ஜப்பானிய வண்டிகளின் ஈசிஎம்களில் பெயர்பெற்ற நோய் இது. வயதான எந்தப் பெட்டிக்கும் வரலாம். எங்கள் பெட்டியின் ஓர் ஓரத்தில் நீர் வழிந்த தடமும் இருந்தது. முன்கண்ணாடி ரப்பர் வெடித்து, மழைநீர் வயர் வழியாகவே இறங்கிக் கப்ளருக்குள் வந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் புதிய பெட்டியை மாட்டியிருந்தால் அடுத்த ஐப்பசி மழைக்கே அதுவும் பலியாகியிருக்கும்.

புதிய ஈசிஎம்மின் விலை வண்டியின் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்ததால் அது கணக்குக்கு ஒத்துவரவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போன ஒன்றை வாங்கினோம். வெளித்தோற்றமும் கப்ளரும் ஒன்றாக இருந்து, எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும் பெட்டிகளைக் கடைக்காரர்கள் "மாட்டினா ஓடும் சார்" என்று எடுத்து நீட்டுவார்கள். அவற்றை வாங்காதிருப்பது நல்லது. எங்கள் வண்டியில் இம்மொபிலைசர் (பதிவு செய்த சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) கிடையாது என்பதால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாற்றியதோடு வேலை முடிந்தது. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் பழைய பெட்டியின் நினைவகச் சிப்பில் உள்ள தகவலைப் புதியதற்கு மாற்றவோ, சாவியை மீண்டும் பதிவு செய்யவோ வேண்டியிருக்கும்; அதற்கான கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மாட்டுவதற்கு முன் இன்ஜெக்டர்கள், காயில், ஐடில் வால்வு ஆகியவற்றின் ஓம் அளவை (மின்தடையை) பார்த்துவிடுவது கட்டாயம். அவற்றில் ஒன்று ஷார்ட்டாக இருந்தால், மாற்றிய பெட்டியையும் அது எரித்துவிடும்.

வாங்கிய பெட்டி நன்றாகவே ஓடியது. ஆனாலும் அதுவும் அதே வயதுடைய பொருள் என்பது உறுத்தலாக இருந்தது. எனவே எங்கள் பழைய பெட்டியைக் கோயம்புத்தூரில் போர்டு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அரிப்பைச் சுத்தம் செய்து, அறுந்திருந்த தடங்களுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டு, அதே மைக்ரோஃபேரட் அளவில் 105 டிகிரி வெப்பம் தாங்கும் தரமுள்ள கெப்பாசிட்டர்களை வைத்து, மேலே பாதுகாப்புப் பூச்சும் பூசிக் கொடுத்தார். அதைத் திரும்ப மாட்டியதிலிருந்து இன்றுவரை அதுவே ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஒருமுறைகூட நின்றதில்லை. என் கணிப்பில், தடங்கள் பெரிதாக அழியாத வரை பழைய பெட்டியைப் பழுதுபார்ப்பதே முதல் தேர்வு. பழைய சந்தைப் பெட்டியை வாங்குவோர் அதன் கெப்பாசிட்டர்களையும் மாற்றும் எண்ணத்தோடு வாங்குவதே உசிதம்.

எதிர்பார்ப்புகளைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. பெட்டி மாற்றினால் மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்று சிலர் ஆசைகாட்டினார்கள். இரண்டும் முன்பிருந்தபடியே இருக்கின்றன. மார்கழி அதிகாலையில் செல்ஃபைச் சற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருப்பதும் மாறவில்லை. அது இன்ஜெக்டர்களின் வயது தொடர்பானது என்று நினைக்கிறேன்.

முன்கண்ணாடி ரப்பரை மாற்றியதோடு, நீர் இறங்கினாலும் கப்ளரை எட்டாமல் வழியிலேயே சொட்டிவிடும்படி வயர்க்கட்டைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாக இறக்கிக் கட்டியிருக்கிறோம். தரைத் தகட்டில் வெல்டிங் செய்தபோது பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றி வைத்தோம். வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கத்தை யாருக்கும் அனுமதிப்பதில்லை. அந்த நொடியில் எழும் உயர் வோல்ட் அலை பெட்டியைக் கொல்லப் போதுமானது. புதுப்பேட்டைப் பெட்டிக்கும் கெப்பாசிட்டர் மாற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வீட்டில் வைத்திருக்கிறோம். வெளியூர்ப் பயணம் என்றால் அதுவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வண்டியில் ஏறிவிடும். இதுவரை அவற்றை வெளியே எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.