தவளையின் தலைப்பிரட்டையா, தேரையின் தலைப்பிரட்டையா: குளத்து மீனுக்கு எது இரை?

வால் ஆட்டிக்கொண்டு நீந்தும் தலைப்பிரட்டை எல்லாமே மீனுக்கு விருந்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். மீன் அப்படி நினைப்பதில்லை.

தவளையின் தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை மென்மையானவை, நஞ்சில்லாதவை. விரால், கெளுத்தி போன்றவை விரட்டிப் பிடித்துத் தின்னும். அதனால்தான் மீன் நிறைந்த குளத்தில் தவளைக் குஞ்சு தேறுவது கடினம். பல தவளைகள் மீன் இல்லாத, மழைக்குத் தேங்கும் குட்டைகளைத் தேடி முட்டையிடுகின்றன. விதிவிலக்கும் உண்டு: அமெரிக்கப் பெருந்தவளையின் தலைப்பிரட்டை சில மீன்களுக்குப் பிடிக்காத சுவை கொண்டது.

தேரை விஷயம் வேறு. முட்டையிலேயே கசப்பான நஞ்சு இருக்கிறது. தவளை முட்டைகள் பெரும்பாலும் கொத்தாக மிதக்கும். தேரை முட்டைகளோ வழவழப்பான நீளச் சரமாக நீர்ச்செடிகளில் சுற்றிக் கிடக்கும். பொரிந்து வரும் குஞ்சுகள் கன்னங்கரேலென்று, கூட்டம் கூட்டமாக, பயமே இல்லாமல் நீந்தும். பல மீன்கள் ஒருமுறை வாயில் போட்டுத் துப்பிவிடும். கரும்புத் தேரை (cane toad) என்ற பெரிய அமெரிக்கத் தேரையின் முட்டையை விழுங்கினால் மீன் செத்தும் போகலாம்.

சரி, மீன் வளர்க்கும் குளத்தில் தலைப்பிரட்டைகளை இரையாக விட்டால் தீவனச் செலவு குறையுமா? நான் நம்ப மாட்டேன். தலைப்பிரட்டை சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறிவிடும். பாசி தின்னும் மீன் குஞ்சுகளோடு உணவுக்குப் போட்டியும் போடும். தானாக வந்த தவளைக் குஞ்சை மீன் தின்னட்டும். தேரைச் சரத்தைக் கண்டால் குச்சியால் மெல்ல எடுத்து, மீனில்லாத குட்டையில் விட்டுவிடலாம்.