பூப்பாத்திக்குப் புல்லுப் பிடுங்க ஆள் பிடிக்கிறீர்களா? கவனம்

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வளவு துப்புரவு, பூந்தோட்டப் பராமரிப்பு என்று கொந்தராத்துக்கு வேலை எடுக்கும் குழுக்கள் கூடிவிட்டன. எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஏமாற்றுக்காரர்தான்.

எங்கள் முற்றத்துப் பாத்திகள் பழையவை. மணிவாழை, கனகாம்பரம், செவ்வரத்தை, நந்தியாவட்டை எல்லாம் ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் நின்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. மாரி முடிய அந்த நெருக்கத்துக்குள் கோரையும் அறுகும் பாத்தீனியமும் நிறைந்துவிடும். மண்வெட்டி போட இடமில்லை, உழவாரத்தோடு குந்தியிருந்துதான் எடுக்க வேண்டும். பேசியதும் அதைத்தான்: கையால் பிடுங்குவது, மணிவாழையைக் கிளப்பிப் பிரித்து இடைவெளி விட்டு நடுவது. அரைவாசிக் காசு முற்பணம். "ஒரு புல்லும் மிஞ்சாது அக்கா, யோசிக்காதேங்கோ" என்றார் கூட்டி வந்தவர்.

நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஓரங்களை மட்டும் மண்வெட்டியால் வழித்துவிட்டு, உள்ளே மருந்தடித்திருக்கிறார்கள். பின்னேரம் பார்க்கப் பாத்தி துப்புரவாகத்தான் தெரிந்தது. மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிரித்த மணிவாழைக் கிழங்கில் நல்லதெல்லாம் 'கழிவு' என்று அவர்களுடைய ஓட்டோவில் ஏறிவிட்டது. அது எங்கே விலைப்பட்டதோ!

சில நாளில் கனகாம்பரத்தின் தண்டு முறுகியது, செவ்வரத்தையின் குருத்து சுருண்டு ஒடுங்கியது. வேலியோரம் வெறும் போத்தல் ஒன்று கிடந்தது. வயலில் நெல்லுக்கு அடிக்கிற, அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் களைநாசினி. இந்த வகை மருந்து புல்லினமான நெல்லையும் கொல்லாது, அறுகையும் கொல்லாது. பூங்கன்றுகளில் பெரும்பாலானவை அகன்ற இலைக்காரர்கள், அடி முழுக்க அவற்றுக்குத்தான் விழுந்தது. இப்போது செவ்வரத்தை கருகி நிற்க, அறுகு செழித்து நிற்கிறது. பக்கத்தில் நின்ற கறிவேப்பிலையில் இலை பறிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

தொலைபேசியில் கேட்டபோது, "மருந்தே அடிக்கேல்லை, வெயிலுக்கு வாடியிருக்கும்" என்றார்கள். வெயிலுக்கு வாடிய கன்று தண்ணீர் விட்டால் பொழுதுபட நிமிரும். இந்த மருந்து பட்டது நிமிராது. தண்டு திருகும், புது இலை கோணிக்கொண்டு வரும். இதைச் சொன்ன பிறகு அழைப்பையே எடுக்கவில்லை.

கோரையின் கதை வேறு. அது நிலத்துக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு கிடக்கும். மேலே வழித்தாலும் கருக்கினாலும் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும். ஆகவே வேலை முடிந்ததும் பாத்தியைப் பார்க்காதீர்கள், பிடுங்கிப் போட்ட குவியலைக் கிளறுங்கள். அதற்குள் கறுப்புக் கிழங்குகள் இல்லையென்றால் வழித்துத்தான் விட்டிருக்கிறார்கள். பாத்தீனியத்தைப் பூக்க முன்னரே, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் வரும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தள்ளும். எங்கள் ஆட்கள் பூத்ததை உதறி வேலியோரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவும் இலவசமாக.

கொந்தராத்தாகப் பேசினால் ஆட்கள் ஓடித்தான் முடிப்பார்கள். நெருக்கமான பூப்பாத்திக்கு நாட்சம்பளம்தான் சரி, அதுவும் மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில். நம்முடைய செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், இழுத்தால் தலை மட்டும் அறுந்து வரும். வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். மருந்துத் தாங்கியோடு வந்தால் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள். மருந்து ஏற்கெனவே பட்டுவிட்டதென்று சந்தேகமிருந்தால் போத்தலை எறியாமல், லேபல் தெரிய ஒரு படம் எடுத்து, சுருண்ட கிளையொன்றோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கொந்தராத்துக்குத்தான் விட வேண்டுமென்றால், ஒரு பங்கு காசைக் கையில் வைத்திருந்து, இரண்டு கிழமை தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். கோரை அதற்குள் தலைகாட்டிவிடும்.