மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகக் குடியிருப்பு: ஒரு மதிப்பீடு

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வாழ்ந்த என் அத்தை, நீரிழிவால் ஒரு காலை இழந்த பிறகு, இக்குடியிருப்பின் தரைத்தள வீடொன்றுக்கு மாறியிருக்கிறார். வாசலின் சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் அமைந்திருப்பதால், அவர் பிறர் துணையின்றியே சக்கர நாற்காலியில் ஏறி இறங்குகிறார்.

குளியலறையை மனமாரப் பாராட்டலாம். நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் கதவோரம் விழுந்துவிட்டாலும் உதவிக்கு வருபவர் தடையின்றி நுழையும்படி, கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது. சமையல் மேடையோ நின்று சமைப்பவருக்கான உயரத்தில் இருக்கிறது, அதனடியில் முழங்கால் நுழையவும் இடமில்லை. (வரைந்தவர் சமைத்ததே இல்லை போலும்.)

பெரிய குறை வெளியில்தான். பொது வசதிகளையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றுள்ளபோதும், இங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் வழியில் மூடியில்லாத கால்வாய் ஒன்று குறுக்கிடுகிறது. அதைத் தாண்ட ஒரு பலகைதான் இருக்கிறது.

வாடகை நியாயமானதே. விண்ணப்பிப்போர் சாவி வாங்குமுன் சமையலறையையும் அந்த வழியையும் நாற்காலியிலேயே சென்று பார்த்துவிடுவது நல்லது.