லீதலா, ஃபேட்டலா, டெட்லியா?

மருந்தியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ஒரே பத்தியில் லீதல், ஃபேட்டல், டெட்லி என்று மூன்று ஆங்கிலச் சொற்களும் வந்து நின்றன. மூன்றுக்கும் ‘உயிரைப் பறிக்கும்’ என்றே எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாளே சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. “ஆள் செத்துவிட்டாரா, சாகக்கூடுமா? உங்கள் வாக்கியத்தில் தெரியவில்லை” என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

அலமாரியின் மேல்தட்டில் மூடி திறக்காத பூச்சிக்கொல்லிப் புட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பது லீதல். யாரும் தொடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொல்லும் திறன் இருப்பதே போதும். யாரோ தண்ணீர் என்று நினைத்துக் குடித்து இறந்துவிட்டால் அந்த விபத்து ஃபேட்டல். அவர் பிழைத்துக்கொண்டால் புட்டியில் இருந்தது அப்போதும் லீதல்தான், விபத்து மட்டும் ஃபேட்டல் ஆகாது. திறனைச் சொல்வது ஒன்று, முடிவைச் சொல்வது மற்றொன்று. பேச்சு வழக்கில் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துபோகும். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட எழுத்தில் இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

நச்சியல்காரர்கள் காப்பாற்றுகிறார்கள். 1927இல் டிரெவன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர் எல்.டி.50 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். சோதனை விலங்குகளில் சரிபாதியைக் கொல்லும் அளவு எதுவோ அதுதான் எல்.டி.50; அதிலுள்ள ‘எல்’ லீதலைக் குறிக்கிறது. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் சமையல் உப்புக்கு இது உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 3,000 மில்லிகிராம். காஃபினுக்குச் சுமார் 200. எண் குறையக் குறைய நஞ்சு கூடுகிறது. உப்புக்கும் ஓர் எண் இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். லீதல் என்பது பொருளின் குணம் மட்டும் அல்ல, அளவும் சேர்ந்தது.

ஃபேட்டல் வேறு கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தது. ஒரு நோய் கண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விகிதத்தில் வருவது ஃபேட்டலிட்டி. மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் மார்ட்டலிட்டி. ஒரு லட்சம் பேர் வாழும் ஓர் ஊரில் 1,000 பேருக்கு நோய் கண்டு 20 பேர் இறந்தால் முதலாவது 2 சதவீதம்; இரண்டாவது 0.02 சதவீதம். இரண்டையும் ‘இறப்பு விகிதம்’ என்றே எழுதினால் ஒரே ஊரைப் பற்றி நூறு மடங்கு வித்தியாசமான இரண்டு செய்திகள் கிடைக்கும். கொரோனா காலத்தில் இந்தக் குழப்பத்தை நாம் எல்லோருமே கொஞ்சம் அனுபவித்தோம்.

பிறப்பைப் பார்த்தால் இந்தச் சொற்களுக்குள் பங்காளி உறவுகூடக் கிடையாது. ஃபேட்டலின் தாய் லத்தீனின் ஃபாட்டும். ‘பேசு’ என்னும் வினையிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘சொல்லப்பட்டது’ என்று பொருள். தெய்வம் சொல்லிவிட்டது, இனி மாற்றமில்லை, அதுவே விதி. பேசத் தெரியாத குழந்தையைக் குறிக்கும் இன்ஃபன்ட் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஃபேட்டல் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ‘விதிக்கப்பட்ட’ என்றுதான் பொருள்பட்டது. சாவு பிறகுதான் உள்ளே நுழைந்தது. தமிழில் ‘கூற்று’ என்றால் சொன்ன சொல், எமனும் கூற்றுதான். உடலையும் உயிரையும் கூறுபோடுபவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர் என்பது வழக்கமான விளக்கம். ஃபாட்டுமுக்கும் இதற்கும் உறவில்லை என்று தெரிந்தும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கணினித் திரையில் ‘ஃபேட்டல் எரர்’ என்று வந்தால் யாரும் சாவதில்லை. ஆனால் அங்கேயும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, நிரலால் மேலே ஓட முடியாது.

லீதலின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அது ஒரு பிழையின் கதை. லத்தீனில் லேட்டும் என்றால் சாவு. அதிலிருந்து வந்த பெயரடை லேட்டாலிஸ். அந்த வழியே ஒழுங்காக வந்திருந்தால் இன்று நாம் ‘லீட்டல்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். நடுவில் ஒரு கிரேக்க ஆறு குறுக்கிட்டது. கிரேக்கரின் பாதாள உலகில் லேதே என்று ஓர் ஆறு. அதன் நீரைக் குடித்த ஆவிகளுக்கு முன் வாழ்க்கை மறந்துபோகும். லேதே என்ற சொல்லுக்கே மறதி என்றுதான் பொருள். சாவும் பாதாளமும் அருகருகே இருந்ததால், பிற்கால லத்தீனில் எழுதியவர்கள் லேட்டுமும் லேதேயும் ஒரே குடும்பம் என்று எண்ணி, சாவுக்குரிய சொல்லில் மறதி ஆற்றின் எழுத்தைச் செருகிவிட்டார்கள். ‘ட்ட’ போய் ‘த’ வந்தது இப்படித்தான். உண்மையில் அந்த ஆற்றிலிருந்து பிறந்தது சோர்வைச் சொல்லும் லெதார்ஜி. லீதல் அந்த வீட்டில் புகுந்துகொண்ட விருந்தாளி.

மேலே வந்த மார்ட்டலிட்டிக்குள் இருக்கும் மார்ட்டல் என்ற சொல்லின் உறவினர்கள் நமக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். அதன் பழைய வேரிலிருந்துதான் வடமொழி வழியாக மரணமும் மிருத்யுவும், சாகாமை தரும் அமிர்தமும் நம்மிடம் வந்தன. ஆங்கிலத்தில் அது இரண்டு பக்கமும் வெட்டும்: சாகப்போகிறவனும் மார்ட்டல், அவனைச் சாகடிக்கும் காயமும் மார்ட்டல். காயம்பட்டவர் மூச்சோடு இருக்கும்போதே அதை மார்ட்டல் என்று சொல்லலாம். ஃபேட்டல் என்று எழுத வேண்டுமானால் காத்திருப்பதே நல்லது. அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜுக்குள்ளும் இந்தச் சாவு ஒளிந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் அதற்கு ‘செத்த பிணை’ என்று பொருள். கடன் வாங்கியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

மிச்சம் டெட்லி. ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் விளைந்த பழஞ்சொல். திறன், முடிவு, மிரட்டல், வெறும் மிகை என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஆங்கிலத்தில் ‘அருமை’ என்று பாராட்டவும் அதுவே. தலைப்புக்கு நல்லது, மருந்துச் சீட்டுக்கு ஆகாது. துல்லியம் வேண்டிய இடத்தில் என் ஓட்டு, பிழையில் பிறந்த லீதலுக்குத்தான். அந்தக் கட்டுரையில் கடைசியில் லீதலுக்குக் ‘கொல்லவல்ல’, ஃபேட்டலுக்கு ‘உயிரிழப்பில் முடிந்த’, டெட்லிக்குக் ‘கொடிய’ என்று மாற்றினேன். மூன்றாவது எனக்கு இன்னமும் திருப்தியில்லை.

ஆனாலும் டெட்லியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. டெட்லி நைட்ஷேட் என்ற நச்சுச்செடிக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அட்ரோபா பெல்லடோனா. கிரேக்கரின் விதித் தேவதைகள் மூவரில் ஒருத்தி உயிரின் நூலை நூற்பாள், ஒருத்தி அளப்பாள், மூன்றாமவள் அறுப்பாள். அறுப்பவளின் பெயர் அட்ரோபோஸ். அவளைத்தான் அந்தச் செடிக்குப் பெயராக்கினார் அவர். அதிலிருந்து எடுத்த மருந்து அட்ரோபின். மேல்தட்டுப் புட்டியில் இருப்பது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியாக இருந்து, அதைக் குடித்தவரை உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தால், மருத்துவர் அவருடைய நரம்பில் ஏற்றுவது அந்த அட்ரோபினைத்தான்.